பூமாரியை ஆண்டிபட்டிக்கு அனுப்பிவைக்க வேண்டி

ஆண்டிபட்டி
மாசி, 2004

அன்பும் மரியாதையும் மிக்க ஒச்சாண்டி மச்சானுக்கு,

உங்கள் தங்கை புருஷன் பேச்சிமுத்து எழுதிக்கொள்வது. திருப்பூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வீரப்ப அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். என் சுகம் கெட்டுப்போனதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பூமாரி என்னை விட்டுவிட்டு ஓடைப்பட்டிக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள் மச்சான், அதுதான் பயமாக இருக்கிறது.

லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் நான் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இனி எங்கே குடியிருப்பது என்று நானும் அவளும் கலந்து பேசினோம். கலந்து பேசினோம் என்பது நான் சொல்வது. அக்கம்பக்கத்தார் சண்டை என்பார்கள். ஆயுசு முழுக்க டர்பைன் பக்கத்தில் நின்று கத்திப் பழகிய தொண்டை இது, மெல்லப் பேச வராது. கடைசியில் அவள் இஷ்டப்படி ஓடைப்பட்டியில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீடு பிடித்தோம். பச்சைப் பந்தல், நல்ல காற்று, இலை விழுந்தால் கேட்கும் அமைதி. அந்த அமைதிதான் என்னைக் கவிழ்த்தது. போன மறுநாள் குளித்துவிட்டு, "பூமாரி, துண்டு எங்க?" என்றேன். துண்டு வரவில்லை, ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவள் தோட்டக்காரர் சம்சாரம் கஸ்தூரியம்மாள், கையில் களைக்கொத்து.

"ஆத்தா, நீ வெளிய வா. எங்க வீட்ல இருந்துக்க. இந்த ஆளு இன்னொரு சத்தம் போடட்டும், நாங்க பாத்துக்கிறோம்."

நான் ஈரவேட்டியோடு கதவிடுக்கில் நின்று, "தாயே, துண்டுதான் கேட்டேன்" என்றேன். அதுவும் கத்தலாகத்தான் வந்தது. "பாருங்கடி, நம்ம முன்னாலயே எப்பிடி அதட்டுறாக!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. பூமாரி ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம் அல்லவா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பார்த்தவர்களுக்கு அது அழுகையாகவே தெரிந்தது. அன்றிலிருந்து குழம்புக்கு உப்பு கேட்டாலும் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். தோட்டக்காரர் என் தோளில் கைபோட்டு, "வயசான காலத்துல எதுக்குங்க பொம்பளையோட மல்லுக்கு நிக்கிறீக?" என்றார். "யாருய்யா மல்லுக்கு நிக்கிறது?" என்றேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆள் வந்துவிட்டது.

அவமானம் தாங்காமல் நான்தான் ஆண்டிபட்டிக்கு வீடு மாற்றினேன். இரண்டு பக்கமும் தறிக்கூடம், பகலெல்லாம் தடக்கு தடக்கென்று சத்தம். எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கத்துகிறார், நான் அவரைப் பார்த்துக் கத்துகிறேன், யாரும் சமாதானம் பேச வருவதில்லை. சொர்க்கம் மச்சான்! பூமாரிக்குத்தான் பிடிக்கவில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடப் பார்த்தவள் இங்கே குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றாள். அவள் பேசுவது தறிச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை, அதனால் பேச்சையே குறைத்துக்கொண்டாள். போன வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"கஸ்தூரி மதினி கூப்பிட்டிருக்காக. அங்கன நாலு பேரோட பேசிச் சிரிச்சிட்டு இருக்கேன். நீங்க இங்கன தறியோட பேசிக்கிட்டு இருங்க."

இப்போது நானே பொங்கி நானே தின்கிறேன். நேற்று மறந்துபோய், "பூமாரி, காபி" என்றுவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் தம் வீட்டுக் காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். கத்த மட்டுமே தெரிந்த மனுஷன், பேசாமல் போகிறார் மச்சான். காபி நன்றாகத்தான் இருந்தது, என்னால்தான் குடிக்க முடியவில்லை.

ஆகவே நீங்கள் உடனே ஓடைப்பட்டிக்குப் போய், அண்ணன் என்ற முறையில் கண்டித்து அவளை இங்கே அனுப்பிவைக்கவும். நான் மட்டும் செத்தாலும் அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
பேச்சிமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பூமாரியும் கஸ்தூரியம்மாளும் வாசலில் வந்து நிற்கிறார்கள். ஓடைப்பட்டியில் திராட்சை பழுத்துவிட்டதாம், மைனாவும் கிளியும் கூட்டமாக இறங்குகின்றனவாம். தகரம் தட்டினாலும் வெடி போட்டாலும் அசையவில்லையாம். "அண்ணே, உங்க தொண்டைய நம்பித்தான் வந்திருக்கோம். பந்தலுக்கு நடுவுல நின்னு மதினிய ரெண்டு தடவ கூப்பிடுங்க, போதும்" என்கிறாள் அந்தம்மாள். "நீயும் மைனாவுக்காகத்தான் வந்தியா?" என்று பூமாரியிடம் கேட்டேன். "அவுக மைனாவுக்காக வந்தாக. நான் எதுக்கு வந்தேன்னு கேக்கணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு மூட்டை கட்ட உள்ளே போய்விட்டாள். அங்கே பழைய வீடு காலியாகத்தான் இருக்கிறதாம், நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன், சுகம் விசாரித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடவும். பழம் இருக்கும்போதே வாருங்கள். முகவரி வேண்டியதில்லை. ஓடைப்பட்டியில் இறங்கிக் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள், வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.