மன்னர் சொன்ன இஸ்லேண்ட்

வேழமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அங்கே ஆசிரியர்கள் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசுவது குற்றம். தமிழில் பேசுவது அதைவிடப் பெரிய குற்றம்.

திலோத்தமை அந்த நாட்டில் கணக்கு டீச்சர். பூசணிக்காயை வெட்டிக் காட்டியே பின்னத்தைப் புரிய வைத்துவிடுவாள். எல்லாப் பாடமும் இனி ஆங்கிலத்தில்தான் என்று ஆணை வந்த கையோடு, கல்வியமைச்சர் பெருநாவலர் அவள் வகுப்புக்கு வந்தார். காலியாக இருந்த இடத்தைக் காட்டி, யார் வரவில்லை என்று கேட்டார்.

"குமுதா டிட் நாட் கேம், சார்."

"டிட்டுக்குப் பின்னால் கேம் வருமா, அம்மையாரே? கம் அல்லவா வரவேண்டும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். 'பிழை செய்தவர்' என்று எழுதிய தகரப் பட்டை அவள் கழுத்தில் ஏறியது. அன்று முதல் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலம் படித்தாள். படித்ததை வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தாள்.

நாடெங்கும் தகரம் தீர்ந்துபோனதால் அடுத்த ஆணை வந்தது. அரசு அங்கீகரித்த பத்து வாக்கியங்களை மட்டுமே ஆசிரியரும் மாணவரும் பேசலாம். அந்தப் பத்தில் பின்னம் இல்லை.

பிறகு ஒரு விழாவில், தீவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மன்னர் 'இஸ்லேண்ட்' என்று வாசித்துவிட்டார். அதில் 'எஸ்' ஒலிக்காது என்பது சபைக்குத் தெரியும். பெருநாவலர் எழுந்தார்.

"எழுத்து இருக்க, அதை விழுங்குவது களவு. காணாமல் போன எழுத்தை மன்னர் மீட்டுவிட்டார்!"

அதுவும் ஆணையாயிற்று.

மறுமுறை அமைச்சர் வந்தபோது, பவழம் என்ற சிறுமி வரைபடத்தைப் பார்த்து "ஐலேண்ட்" என்று சரியாகப் படித்தாள். அமைச்சர் திலோத்தமையைப் பார்த்தார்.

"இஸ்லேண்ட்" என்று திருத்தினாள் திலோத்தமை.

"நீங்கதானே டீச்சர் ஐலேண்ட்னு சொல்லிக்குடுத்தீங்க?" ஆணையை மறந்து தமிழிலேயே கேட்டுவிட்டாள் பவழம்.

"நோ, சார்" என்று அமைச்சரிடம் மறுத்தாள் திலோத்தமை.

அமைச்சர் அவள் கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சிறுமியின் கழுத்தில் மாட்டினார். கழுத்து லேசானதும் திலோத்தமைக்குத் தன்னை அறியாமல் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவள் உடம்பு கூசிப்போனது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு திரும்பியபோது பவழத்தின் இடம் காலியாக இருந்தது. மறுநாளும் அப்படியே. திலோத்தமையால் பொறுக்க முடியவில்லை. வந்தது வரட்டும் என்று தமிழிலேயே கேட்டாள்.

"பவழம் ஏன்டா வரல?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கான பதில் பத்து வாக்கியங்களில் இல்லை.

"யெஸ், டீச்சர்" என்றார்கள் ஒரே குரலில்.

அந்நேரம் தெருவில் முரசு அறைந்துகொண்டு போனார்கள்: "இவ்வாண்டு நம் நாட்டுப் பள்ளிகளில் ஒரு பிழைகூட நேரவில்லை!"