மாப்பிள்ளையின் வண்டிக்கு மாமனார் செய்த மூட்டு வைத்தியம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் மாமியாரும் நலம். உங்கள் வண்டியின் முன்பாதி நலம், பின்பாதியும் தேறிவிட்டது. அங்கே வண்டியிலிருந்து விழுந்து முறிந்த உங்கள் தோள்பட்டை எலும்பு ஒழுங்காகக் கூடிவிட்டதா என்று அறிய ஆவல்.

வண்டியை விற்றுவிடுவது என்று நீங்களும் என் மகளும் எடுத்த முடிவு மிக நல்ல முடிவு. 'நீங்களும்' என்று மரியாதைக்காகச் சேர்த்திருக்கிறேன். "குழந்தை பொறக்கறதுக்குள்ள அந்த வண்டி இந்த வீட்டை விட்டுப் போகணும்ப்பா. இல்லன்னா நான் போறேன்" என்று அவள் போனில் சொன்னாள். அவள் எங்கே போவாள், இங்கேதான் வருவாள். எனவே வண்டியே வரட்டும், பழுது பார்த்து நானே விற்றுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வந்து இறங்கியதும் பார்த்தால் சீட்டைக் காணோம். பழைய வண்டி வாங்கிய அவசரத்தில் சீட்டை வாங்க மறந்துவிட்டீர்கள் என்று உங்கள் மாமியாரிடம் சொல்லிச் சிரித்தேன். "பாறை மேல நின்னுக்கிட்டே ஏத்துற வண்டிங்க அது. டிரையல்ஸ் வண்டின்னு பேரு. உட்கார்றதுக்கு நீங்க சோபாவுக்கே போங்க" என்றாள். இவ்வளவு விவரம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்க" என்பதால் அவருக்கு 'நாளைக்கு' என்றே பெயர். எட்டிப் பார்த்துவிட்டு, "ஆயில் சீல் போயிடுச்சு சார். நாளைக்குக் கொண்டாங்க" என்றார். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பராமரிப்பில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான், ஸ்பிரிங்கைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா என்று சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து, ஃபோர்க்கைக் கழற்றிப் போட்டு, மேல் மூடியைத் திருகினேன், திருகினேன், கடைசி மரை விட்டதும் உள்ளே அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் மூடியைத் தூக்கி எறிய, அது கூரையில் மோதி, விளக்கில் மோதி, சாம்பார் கரண்டியைத் தட்டிவிட்டு, என் முன்நெற்றியில் வந்து ஓய்ந்தது.

"மூடியைத் திறக்கும்போது மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கணும்னு வண்டியோட வந்த புத்தகத்துல போட்டிருக்கேங்க" என்றாள் உங்கள் மாமியார்.

"எந்தப் பக்கத்துல?"

"முதல் பக்கத்துல."

முதல் நாற்பது பக்கங்கள் ஒன்றும் தெரியாதவர்களுக்கு என்று நான் நாற்பத்தொன்றிலிருந்து ஆரம்பித்திருந்தேன். போகட்டும். புது சீலின் ரப்பர் உதடு கிழியாமலிருக்கக் குழாயின் முனையில் பாலித்தீன் சுற்றி இறக்கினேன், அது நன்றாகவே அமைந்தது. எண்ணெய்தான் காலை வாரியது. என் பழைய அலுவலக நண்பரிடம் லிஃப்ட் எண்ணெய் வாங்கி ஊற்றினேன். மாட்டி, ஹேண்டில்பாரை அழுத்தினால் வண்டி அசையவில்லை. ஏறி நின்று குதித்தேன். வண்டி அப்படியே இருந்தது, இடுப்புதான் இறங்கியது. வழியோடு போன 'நாளைக்கு' நின்று பார்த்தார். "சார், லிஃப்ட்டு மேல போனா நிக்கணும். இது மேல போனா உடனே கீழயும் வரணும். லேசான எண்ணெய் ஊத்துங்க." வேறு வழியில்லை, மறுபடி கழற்றி, உங்கள் மாமியாரின் மருந்து சிரிஞ்சால் ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஒரே அளவாக லேசான எண்ணெய் ஏற்றினேன். இப்போது அழுத்தினால் இறங்குகிறது, விட்டால் ஒரே மூச்சில் எழுந்து நிற்கிறது.

பிறகு பின்பக்கம். ஷாக் அப்சார்பரைத் தாங்கும் கைகள் கிறீச்சிட்டன. பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் அல்லவா, உங்கள் மாமியார் காது வைத்துக் கேட்டுவிட்டு, "மூட்டுத் தேய்மானம்" என்றாள். நான் போல்ட்டை உருவினேன். உள்ளே இருந்த பேரிங்கிலிருந்து ஊசி மாதிரி உருளைகள் பொலபொலவென்று கொட்டி ஹால் முழுக்க ஓடின. ஐம்பத்து நான்கு இருக்க வேண்டும் என்கிறது புத்தகம். மண்டியிட்டுப் பொறுக்கியதில் ஐம்பத்தொன்று கிடைத்தது, அதற்குள் என் முட்டி பூட்டிக்கொண்டது. என்னையும் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி வைத்தியம் பார்த்தாள். "ரெண்டுக்கும் ஒரே வியாதிதான். அசைக்காம வச்சிருந்தா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிக்கொண்டே, மீதி மூன்று உருளைகளையும் ஃப்ரிட்ஜுக்கு அடியிலிருந்து துடைப்பத்தால் தள்ளி எடுத்து, துரு போகக் கழுவி, கிரீஸை விரலால் அப்பி ஒவ்வொன்றாக அடுக்கினாள். எனக்குத் தைலம்தான் கிடைத்தது.

ஆக, வண்டி விற்பனைக்குத் தயார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு பல் டாக்டர் பார்க்க வருகிறார். அந்த இரும்பின் மேல் எனக்குத் துளியும் ஆசையில்லை. குழந்தை பிறக்கப்போகும் வீட்டுக்கு அது ஆகாது, எந்த வீட்டுக்கும் ஆகாது. இனி தாங்கள் உட்கார்ந்து ஆடும் விளையாட்டு எதையாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

எலும்பு உறுதியாகவும் இல்லம் அமைதியாகவும் நீங்கள் இருவரும் மூவராகி நீடு வாழ ஆசிகள். மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னும் சற்று நொண்டியபடி,
மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. பல் டாக்டர் முன்பக்கம் அழுத்தினார், பின்பக்கம் அழுத்தினார், "யார் சார் வேலை பார்த்தது? புதுசு மாதிரி இருக்கே" என்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு லிஃப்ட்டில்கூட இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னார். எழுந்து நின்றபடி வாசற்படி மூன்றையும் ஏறி இறங்கினேன், மாப்பிள்ளை, படி இருந்ததே தெரியவில்லை. இறங்கி வந்து, வண்டி ஏற்கெனவே கைமாறிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். மகளிடமும் அப்படியே சொல்லுங்கள், பொய்யில்லை. உங்கள் ஹெல்மெட்டை அனுப்புங்கள். எனக்கு வாங்கியது என் தலைக்குச் சேரவில்லை, உங்கள் மாமியாருக்குத்தான் கச்சிதமாக உட்காருகிறது. இத்துடன் முடித்துக்கொள்கிறேன், வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கிறது, நானோ மாடியில் இருக்கிறேன்.