மணியக்காரர் வீட்டு வெட்டுத்துணி

"கழட்டுடி அத! பண்டாரத்தோட போர்வ மாரி நடுவூட்டுல தொங்குது!"

மணியக்காரர் தீர்த்தகிரி போட்ட சத்தத்தில் தொழுவத்து எருமை நிமிர்ந்து பார்த்தது. அவர் மனைவி லட்சுமியம்மாள் நிமிரவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துது" என்றாள்.

"நேத்துப் பொண்ணு பாக்க யாரும் வரல. இன்னிக்கி வராங்க."

உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். மகள் ருக்மணி தைத்தது. சிவப்புச் சீட்டி, மஞ்சள் பாப்ளின், அப்போதுதான் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்த டெரிலின் சட்டையில் மிஞ்சிய நீலம் என்று உள்ளங்கை அகலத் துண்டுகளை முக்கோணமாக வெட்டி, நட்சத்திரம் நட்சத்திரமாகச் சேர்த்திருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மணியக்காரருக்கு நட்சத்திரம் தெரியவில்லை. துணி வந்த இடம்தான் தெரிந்தது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் தையல் மிஷின் போட்டிருந்த நாராயணப்பன் கடையின் வெட்டுத்துணி அது. நாராயணப்பன் அவருக்குப் பங்காளி. ஒரே பாட்டனின் பேரன். நிலத்தை விற்றுத் தின்றுவிட்டு, ஊரான் இடுப்பை அளந்து பிழைக்கிறவன். கடையில் தரையில் விழுந்த துண்டுகளை அவன் மகள் சரசம்மா பொறுக்கிக்கொண்டு வருவாள். இரண்டு பெண்களும் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தைப்பார்கள்.

மணியக்காரர் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. உறவை அடியோடு அறுக்காததற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. மூத்த பங்காளி வந்து உட்காராமல் அந்த வகையறாவில் எந்த வீட்டிலும் நிச்சயத் தட்டு மாறாது. மூத்த பங்காளி அவர். அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"அவங்க கெலமங்கலத்துல டிராக்டர் வெச்சிருக்கிற குடும்பம். நம்ம வூட்டுல கந்தல் இருக்குதுன்னு அவங்களுக்குக் காட்டணுமா?"

திரை இறங்கியது. அது எதை மறைத்துக்கொண்டிருந்தது என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கடலைப் பிண்ணாக்கு மூட்டைகள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே கூடையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டு, இவரை முறைத்தது.

"எம் புது வேட்டிய எடுத்து மாட்டு."

"பொங்கலுக்கு எடுத்ததுங்க."

"மாட்டுன்னா மாட்டு."

வேட்டி ஏறியது. அடுத்து நாற்காலிகளின் மேலிருந்த ஒட்டுத்துணி மெத்தைகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றையும் பிடுங்கினார். ருக்மணி கதவோரம் நின்று, "அப்பா, அந்தக் கடேசி நாற்காலி..." என்று ஆரம்பித்தாள்.

"நீ உள்ள போய்ச் சீல கட்டற வழியப் பாரு."

கடைசி நாற்காலியில் பிரம்பு அறுந்து, ஒரு பூசணிக்காய் நுழையும் அளவுக்கு ஓட்டை. மணியக்காரர் கோணிச்சாக்கை மடித்துப் போட்டு, மேலே சரிகைத் துண்டை விரித்தார். எட்ட நின்று பார்த்தார். கம்பீரமாகத்தான் இருந்தது.

ஓரத்தில் துணி வைத்துத் தைத்த பனையோலை விசிறி, அடுப்படியில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி, ஆணியில் தொங்கிய வெற்றிலைச் சுருக்குப்பை எல்லாவற்றையும் அள்ளிக் கோழிக் கூடைக்குப் பின்னால் திணித்தார்.

"பிடிதுணி இல்லாம காப்பிய எதால எறக்கறது?"

"கையால எறக்கு. எங்கம்மா கையாலதான் எறக்கினா."

லட்சுமியம்மாள் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் மாரம்மா வந்தாள். அளந்து பேசுகிற பெண்பிள்ளை. கூட அவள் அண்ணன், பையனின் தாய்மாமன். எதையும் அளக்காமல் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. இருந்த நாற்காலிகளிலேயே எது மரியாதையாகத் தெரிந்ததோ, சரிகைத் துண்டு விரித்திருந்த அதையே அவர் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார்.

கோணிச்சாக்கு ஒரு பெருமூச்சு விட்டது. தாய்மாமனின் முழங்கால்கள் மூக்குக்கு நேராக வந்து நின்றன.

"ஹிடீரி! ஹிடீரி! புடிங்க!" என்று பதற்றத்தில் அவருக்குக் கன்னடம் வந்துவிட்டது.

மணியக்காரர் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். நாற்காலியும் கூடவே வந்தது. வாசலில் நின்ற வண்டிக்காரன் ராமப்பன் ஓடிவந்து நாற்காலியை மிதித்துப் பிடித்துக்கொள்ள, தாய்மாமன் ஒரு சத்தத்தோடு விடுபட்டார்.

"சாகு, சாகு. போதுங்க. நான் நின்னுக்கறேன்" என்றார்.

"நல்ல பிரம்புதாங்க. பெங்களூர்ல வாங்கினது" என்றார் மணியக்காரர்.

அந்தச் சமயத்தில் அடுப்படியில் காப்பி பொங்கியது. லட்சுமியம்மாள் பாத்திரத்தைக் கையால் தொட்டாள், விட்டாள். அவசரத்தில் எட்டிய துணியை இழுத்துப் பிடித்தாள். அது அடுப்படியை ஒட்டிய உள்ளறை வாசலில் தொங்கிய பொங்கல் வேட்டி. ஆணியோடு வந்தது.

வேட்டி கோழியின் தலையில் விழுந்தது.

மூன்று வாரமாக அடையிருந்த கோழிக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. கொக்கரித்துக்கொண்டு சபைக்கு நடுவில் பாய்ந்தது. அதன் காலில் சுருக்குப்பையின் கயிறு சிக்கியிருந்தது. வெற்றிலையும் பாக்கும் சிந்த, பையை இழுத்துக்கொண்டு ஒரு சுற்று ஓடிவந்து, மாரம்மாவின் காலடியில் களைத்து நின்றது.

மாரம்மா குனிந்து கயிற்றை விடுவித்தாள். பையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். சிவப்பும் மஞ்சளும் நட்சத்திரம், விளிம்பில் நீலம். அவளுடைய இன்னொரு கை தன் மடிப்பக்கம் போய், பாதியில் நின்றது.

"இது யார் தெச்சது?"

ருக்மணி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். மணியக்காரர் அவளுக்கும் பைக்கும் நடுவில் போய் நின்றார்.

"எங்க வூட்டுப் பொருள் இல்லீங்க அது. நாராயணப்பன்னு ஒரு தையக்காரன், பக்கத்துத் தெரு. அவன் மக சரசம்மா இந்த மாரி கந்தலப் பொறுக்கித் தெச்சுக்கிட்டுத் திரியும். இங்க மறந்து வெச்சுட்டுப் போயிருக்கும்."

"அப்பிடீங்களா? தையக்காரர் உங்களுக்கு வேண்டியவரா?"

"பங்காளிதான். சொல்லிக்கிற மாரி இல்ல."

மாரம்மா அவரைத் தாண்டி ருக்மணியைப் பார்த்தாள். "ஏம்மா, உனக்கு இதெல்லாம் வராதா?"

ருக்மணி அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு திரும்பவில்லை.

"வராதுங்க" என்றாள்.

"எம் பொண்ணு ஊசிய நூலக் கையில தொட்டதில்ல. அந்த நெலமையில நாங்க அவள வெக்கல" என்றார் மணியக்காரர். இப்போதுதான் அவருக்கு முதுகு முழுசாக நிமிர்ந்தது.

மாரம்மா பையை வெற்றிலைத் தட்டின்மேல் மெதுவாக வைத்தாள். காப்பி குடித்தார்கள். சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். மணியக்காரர் தன் சொந்த வண்டியைப் பூட்டச் சொல்லி, பஸ் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட ராமப்பனை அனுப்பினார். ஒரு வாழைத்தாரையும் ஏற்றிவிட்டார்.

வண்டி தெரு திரும்பியதும் மனைவியிடம் வந்தார்.

"பாத்தியா? கந்தல்னதும் அந்தம்மா கீழ வெச்சுட்டா. பெரிய எடத்துக்காரங்களுக்கு இதெல்லாம் ஆகாது. சமயத்துல நான் மட்டும் சமாளிக்கலேன்னா மானம் போயிருக்கும்."

லட்சுமியம்மாள் சுட்ட விரல்களை மோர்ச்சட்டியில் வைத்திருந்தாள். உள்ளறையில், ருக்மணி திரையைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரங்கள் மறுபடியும் துண்டுகளாகி, மடியில் விழுந்தன.

"நல்ல காரியம். பிரிச்சுப் போடு" என்றார் மணியக்காரர்.

வண்டி நினைத்ததைவிடச் சீக்கிரமாகத் திரும்பி வந்தது.

"என்னடா, அதுக்குள்ள பஸ் கெடச்சுதா?"

"பஸ் ரோட்டுக்கே போவலீங்க" என்றான் ராமப்பன். நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "தெரு திரும்பினதும் வண்டிய நிறுத்தச் சொன்னாங்க. நம்ம நாராயணப்பன் வூட்டுல எறங்கிட்டாங்க. வாழத்தாரும் அங்கதான் எறங்கிச்சு."

"அவன் வூட்டுல என்னடா வேல?"

"அந்தம்மா மடியில இதே மாரி பை ஒண்ணு இருக்குதுங்க. நம்ம பாப்பா வளையலுக்குப் பதிலா வளைக்காரி கெம்பம்மாகிட்டக் குடுத்துதே, அது. 'மணியக்காரர் பொண்ணு தெச்சது'ன்னு கெம்பம்மா சொல்லித்தான் தேடி வந்தாங்களாம். துண்டுத்துணியக்கூட வீணாக்காத கைதான் எங்க வூட்டுக்கு வேணும்னு வண்டியில ஏறினதுலேருந்து அதே பேச்சுங்க. 'வளைக்காரி தப்பாச் சொல்லிட்டா, மணியக்காரரே தன் வாயால சொல்லிட்டாரே'ன்னாங்க."

உள்ளறையில் நூல் அறுகிற சத்தம் நின்றது.

"சரசம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"'நாங்க ரெண்டு பேருமாத்தான் தெச்சோம்'னு அழுதுச்சுங்க. கூச்சத்துல சொல்லுதுன்னு அந்தம்மாவுக்கு இன்னும் புடிச்சுப்போச்சு."

மணியக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது அந்தக் கடைசி நாற்காலி. அவருடைய முழங்கால்களும் மூக்குக்கு நேராக வந்தன. தூக்கிவிட யாரும் வரவில்லை.

ராமப்பன் மட்டும் தயங்கித் தயங்கி ஒரு அடி உள்ளே வைத்தான்.

"எந்திரிங்க ஐயா, வண்டி பூட்டியே இருக்குது, தட்டு மாத்த மூத்த பங்காளி நீங்க வந்தாத்தான் ஆவும்னு அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."