ஆமைத் தீவுக்குக் கடைசி ஒத்திகை

கூடத்திலிருந்து நீளமாக ஒரு விசில் சத்தம் கேட்டது. அடுப்பில் குக்கர் இல்லை. ஆகவே படகு கவிழ்ந்துவிட்டது என்று சமையலறையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்த மனைவிக்குப் புரிந்தது.

"கவுந்தாச்சு! எல்லாரும் கவுந்தாச்சு!" என்று கணவர் கத்துவது கேட்டது. "மாமா, நீங்க ஏன் இன்னும் சோபாவுலயே உட்கார்ந்திருக்கீங்க? குதிங்க!"

"கீழே கடல்னு நீங்கதானே மாப்பிள்ளை சொன்னீங்க? எனக்கு நீச்சல் தெரியாது. நான் படகுலயே இருந்துக்கறேன்."

"படகே இல்ல மாமா! கவுந்துடுச்சு!"

"அப்ப நான் எது மேல உட்கார்ந்திருக்கேன்?"

பதிலுக்கு இன்னொரு விசில்தான் வந்தது.

வாசகரே, கொஞ்சம் கிட்டே வந்து இந்தக் கூடத்தை எட்டிப் பாருங்கள். கழுத்தில் விசில், இடுப்பில் கயிறு, தலையில் தொப்பி, அது பறந்துபோனால் என்ன செய்வது என்று அதன் மேலேயே இன்னொரு தொப்பி, இப்படி ஒருவர் நிற்கிறாரே, அவர்தான் முன்னேற்பாட்டுப் பிரியர். பயணம் போகிறவர் வேறு, பயணத்துக்குத் தயாராகிறவர் வேறு. போகிறவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். திரும்பி வந்து, சீப்பை மறந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். முன்னேற்பாட்டுப் பிரியர் எதையும் மறப்பதில்லை. மறப்பதற்கு முதலில் கிளம்ப வேண்டும் அல்லவா?

தெருமுனை வரை போனபிறகு, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, இழுத்த இழுப்பில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, புதுப் பூட்டு வாங்கக் கடைக்குப் போய், கடைக்காரரைப் பூட்டிக் காட்டச் சொல்லி, திறந்து காட்டச் சொல்லி, மறுபடி பூட்டிக் காட்டச் சொல்லி, கடை சாத்துகிற நேரத்தில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? இவர்தான். தியேட்டரில் படம் தொடங்குமுன் அவசர வழி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போய், அதன் வழியே வெளியே வந்து, வெளியிலிருந்து அது திறக்காமல் படம் முடியும்வரை சைக்கிள் ஸ்டாண்டில் நின்றாரே ஒருவர்? இவரேதான்.

இவருடைய மந்திரம் ஒன்றே ஒன்று. "எதுக்கும் ஒரு தடவை." எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுவோம். எதுக்கும் ஒரு தடவை கேட்டுடுவோம். மனைவியின் கழுத்தில் தாலி கட்டுமுன்பும் இதைச் சொன்னார் என்று அவருடைய எதிரிகள் பேசிக்கொள்கிறார்கள். பொய். கட்டிய பிறகுதான் சொன்னார். முடிச்சை இழுத்துப் பார்ப்பதற்காக.

சரி, படகு ஏன் கவிழ்ந்தது? சொல்கிறேன்.

கடலுக்குள் ஒரு தீவு இருக்கிறது. காலையில் போனால் மாலையில் திரும்பலாம். அங்கே சாப்பாட்டு மேஜை அளவுக்கு ராட்சத ஆமைகள் திரிகின்றன. வழிகாட்டி இல்லாமல் யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது. முட்டையிடும் பருவம் வந்தால் தீவையே மூடிவிடுவார்கள். இந்த வருடத்துக் கடைசிப் படகு இன்றைக்குத்தான்.

மனைவிக்கு அந்த ஆமையைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில் அதன் படம் ஒட்டியிருந்தது. அன்று தொடங்கிய ஏக்கம். அவள் பல் டாக்டரின் முன்னறையில் வேலை பார்க்கிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று நாள் முழுவதும் சொல்லுகிறவள். ஊரையே உட்கார வைத்துவிட்டுத் தானும் ஒருநாள் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறவள். அந்தப் பேதை நெஞ்சம் கேட்டதெல்லாம் என்ன? வைரமா? மாளிகையா? பையே கட்டாமல் வீட்டோடு கிளம்பிவிடுகிற அந்தப் பிராணியின் கண்ணை ஒரே ஒருமுறை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குத்தான் வருடா வருடம் விதி குறுக்கே வந்தது. விதி இரண்டு தொப்பி போட்டிருந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அதிகாலையில் எழுவதற்கு ஒத்திகை. எல்லோரும் அற்புதமாக எழுந்தார்கள். அவ்வளவு சீக்கிரம் எழுந்ததால் மறுபடி படுத்தார்கள். கண் விழித்தபோது படகு போயிருந்தது. போன வருடம், குமட்டலுக்கான மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று எதுக்கும் ஒரு தடவை பார்க்க, கிளம்புகிற காலையில் வீட்டோடு ஆளுக்கொன்று விழுங்கினார்கள். நன்றாக ஒத்துக்கொண்டது. சாயங்காலம் வரை ஒத்துக்கொண்டது. சின்ன மகள் மட்டும் மாத்திரையைத் துப்பிவிட்டதால், குறட்டை விடுகிற குடும்பத்தின் நடுவே உட்கார்ந்து ஒரு டப்பா பிஸ்கட்டைத் தனியாகத் தின்று தீர்த்தாள். இன்றுவரை அவளுக்கு அதுதான் வாழ்க்கையின் பொன்னாள்.

இந்த வருடம் நடை வேகத்தை வைத்துத் திட்டம். மனைவியின் தாய்மாமாவுக்கு வயதாகிவிட்டது, மெதுவாக நடப்பார்; ஆகவே அவர் முதலில் கிளம்ப வேண்டும். கல்லூரிக்குப் போகிற பெரிய மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பதால் அடுத்து அவள். பிறகு மனைவி. ஓட்டமும் குதியுமாகப் போகிற சின்னவள் கடைசி. இப்படிக் கிளம்பினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆமையின் முன்னால் போய்ச் சேருவார்கள். வீட்டு நடைவழியில் ஒத்திகை பார்த்தார்கள். கணக்கு கச்சிதம். எல்லோரும் ஒரே நேரத்தில் குளியலறைக் கதவில் போய் மோதினார்கள்.

இதில் விசில்தான் பெரிய தலைவலி. மாமா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலே அவருடையதுதான். மாப்பிள்ளையின் ஏற்பாட்டில் ஒரு விசில் என்றால் நடக்க வேண்டும், இரண்டு விசில் என்றால் அசையாமல் நிற்க வேண்டும். மாமாவின் ரத்தத்தில் ஊறியது வேறு. ஒரு விசிலுக்கு அவர் சிலையாக நிற்பார். இரண்டு விசிலுக்கு "ரைட், ரைட்!" என்று கிளம்பிவிடுவார். போன வாரம் இரண்டு விசில் கேட்டுப் படியிறங்கிக் காய்கறிக் கடை வரை போய்விட்டார்.

"மாமா, ரெண்டுன்னா நிக்கணும்!"

"ரெண்டுக்கு நின்னா பின்னாடி வர்ற லாரி முட்டிடும் மாப்பிள்ளை."

"கடல்ல ஏது லாரி?"

"வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

மாப்பிள்ளை யோசித்தார். அதுதான் அவருடைய பலவீனம். எந்த ஆபத்தைச் சொன்னாலும் யோசிப்பார்.

மனைவி பாட்டில்களைத் துடைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, கவிழ்ந்த படகிலிருந்து தப்பியவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நேரமாகுது. துறைக்குப் போக வேண்டாமா?"

"போகத்தானே போறோம்? எதுக்கும் ஒரு தடவை..."

வாசல் மணி அடித்தது.

வந்தவள் வழிகாட்டி. வெயிலில் கறுத்த முகம், உப்புப் படிந்த செருப்பு, முகத்தில் பொறுமை. அந்தப் பொறுமையும் இறங்க ஆரம்பித்திருந்தது.

"அக்கா, மத்தவங்க எல்லாம் படகுல ஏறி உட்கார்ந்தாச்சு. உங்களைத்தான் காணோம். வேன் கீழே நிக்குது, அதான் நானே வந்தேன். கடல் தண்ணி ஏறியிருக்கும்போதே கிளம்பணும். இறங்கிடுச்சுன்னா படகு மணல்ல தட்டிடும்."

"மேடம், உட்காருங்க," என்றார் முன்னேற்பாட்டுப் பிரியர், மகிழ்ச்சியோடு. "சில சந்தேகம் இருக்கு. ஒருவேளை ஆமை துரத்துச்சுன்னா?"

"துரத்தாது சார்."

"துரத்துச்சுன்னா?"

"நடந்தாலே தப்பிச்சிடலாம் சார்."

"மாமா நடந்தா?"

வழிகாட்டி மாமாவைப் பார்த்தாள். மாமா கௌரவமாகத் தொண்டையைச் செருமினார்.

"சார்," என்றாள் அவள், "தீவுல நீங்க செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சத்தம் போடாம நடக்கணும். ஆமையைக் கலவரப்படுத்தக் கூடாது. மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன். இப்ப கிளம்பலாமா?"

ஐயோ, அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா! முன்னேற்பாட்டுப் பிரியரின் முகத்தில் ரத்தம் வற்றியது. உதடு துடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் போடாமலா?" என்றார் ஈனஸ்வரத்தில். "அதை நாங்க ஒத்திகையே பார்க்கலையே!"

அடுத்த நிமிடம் குளியலறைக்கு ஓடினார். தடதடவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்போடு திரும்பினார். கூடத்தின் நடுவே குப்புறப் படுத்தார். டப்பை முதுகின் மேல் கவிழ்த்துக்கொண்டார். தலை உள்ளே போயிற்று. இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"நான்தான் ஆமை," என்றது டப். "நீங்க எல்லாரும் என்னைத் தாண்டிப் போகணும். காலடிச் சத்தம் கேக்கக் கூடாது. மூச்சுச் சத்தம் கேக்கக் கூடாது. எனக்கு ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் மறுபடி முதல்லேருந்து. புரிஞ்சுதா? கண்ணை மூடிக்கிட்டேன். விசில் ஊதினதும் ஆரம்பம்."

"அப்பா, ஆமைக்கு விசில் ஏது?" என்றாள் சின்னவள்.

"பேசாதே. ஆமை பயப்படுது."

பெரியவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மா, போன வருஷம் மாதிரியே ஆயிடும்மா."

வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மனைவியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இதுக்கு மேல படகை நிறுத்த முடியாது. அடுத்த வருஷம் உங்க பேருக்கு இடம் வைக்க மாட்டாங்க. மூணு வருஷமா வராத ஆளுங்கன்னு சிரிக்கறாங்க."

மனைவி டப்பின் பக்கத்தில் மண்டியிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எல்லாம் அவள் கண்முன் ஓடின. ஓடியதில் பாதிக்கு மேல் ஒத்திகை. தேனிலவுக்கு ஒத்திகை பார்த்ததில் தேனிலவு முடிந்துபோனதும் அதில் இருந்தது. டப்பின் விளிம்பில் மெல்லத் தட்டினாள்.

"என்னங்க, எழுந்திருங்க. போலாம்."

"உஷ்! ஆமை பேசாது."

"இது கடைசிப் படகுங்க."

"ஆமைக்குப் படகைப் பத்தித் தெரியாது."

"நிஜமாவே ஒரு ஆமை அங்க காத்துக்கிட்டு இருக்குங்க."

டப் கொஞ்சம் யோசித்தது. "அதுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபடறேன்?" என்றது.

பிறகு, வாசகரே, டப்புக்கு உள்ளிருந்து விசில் வந்தது. பிளாஸ்டிக்குக்குள் எதிரொலித்து, கூடமே அதிர, ஒன்று. இரண்டு.

மாமா எழுந்து நின்றார்.

கூன் நிமிர்ந்தது. சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். இல்லாத பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாயைத் திறந்தார், உடனே அமைதி ஒத்திகை நினைவுக்கு வந்தது போலும், சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: "ரைட்."

மனைவி அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு விசில்மா," என்று அவள் காதோடு சொன்னார் மாமா. "அதுக்கு மேல வண்டி நிக்கறது தப்பு."

அவர் முதலில் கிளம்பினார், திட்டப்படி. அடுத்து பெரியவள், கைப்பேசியின் சத்தத்தை அணைத்துவிட்டு. செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். குதிகால் தரையில் படவில்லை. அப்பாவின் ஒத்திகைகளில் இதுவரை ஒன்றுகூட இவ்வளவு அழகாக நடந்ததில்லை. மனைவி எழுந்தாள். ஒரு பாட்டிலைத் திரும்ப வைத்தாள், டப்பிலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். பக்கத்தில் ஒரு டப்பா பிஸ்கட்டையும் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த வேகத்தைப் பார்த்தால் துக்கம் மாதிரித் தெரியவில்லை. சின்னவள்தான் கடைசி. டப்பின் பக்கத்தில் குனிந்து, பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, ஆமைக்குக் கையை ஆட்டிவிட்டு, முதன்முறையாக ஓடாமல் நடந்தாள்.

வாசலில் வழிகாட்டி தயங்கினாள். "சார் வரலையாக்கா?" என்று வாயசைத்துக் கேட்டாள்.

"அவர் எங்களுக்கு முன்னாடியே தீவுக்குப் போயிட்டார்," என்றாள் மனைவி, மூச்சை விடவும் மெல்லிய குரலில்.

டப்புக்குள் முன்னேற்பாட்டுப் பிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. என்ன ஒழுங்கு! என்ன கட்டுப்பாடு! அவர் கண்ணிலிருந்து பெருமையின் கண்ணீர் வழிந்து, டப்பில் மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரோடு கலந்தது. இந்தக் குடும்பம் தயாராகிவிட்டது என்று நினைத்தார். இனிமேல் தைரியமாகக் கிளம்பலாம். எதுக்கும் இன்னும் ஒரு தடவை பார்த்துவிட்டு.

வழிகாட்டி கடைசியாக வெளியே வந்து, கைப்பிடியைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. இப்படியும் ஒரு மனிதரா என்று உங்கள் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டத் தோன்றுகிறதா? கூப்பிடுங்கள். பதில் வரவில்லையா? இன்னொரு முறை கூப்பிடுங்கள். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறதோ? பயப்பட ஒன்றுமில்லை. எதுக்கும் ஒரு தடவை முதுகைத் தடவிப் பாருங்கள். ஏனென்றால் இப்போது ஒரு கதவு சாத்திக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அது அவர் வீட்டுக் கதவுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.