பெண் பார்க்க வந்த பன்றிகள்

ஞாயிற்றுக்கிழமை மகள் மதியைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வருகிறார்கள். கிருஷ்ணப்பன் வீட்டு வாசலிலோ ஒரு பன்றி குட்டிகளோடு ஒய்யாரமாகப் படுத்திருந்தது.

கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் மனை மலிவு என்று வாங்கியவர் அவர். பன்றிகளும் சேர்த்துத்தான் அந்த மலிவு என்று யாரும் சொல்லவில்லை.

“இத்தப் பாத்தா, ‘இந்த கலீஜ்லேர்ந்தா பொண்ணு எடுக்கறது’ன்னு ரிவர்ஸ்ல போயிடுவாங்க. எதுனா பண்ணுய்யா!” என்றாள் அவர் மனைவி ராஜாத்தி.

மதிக்கோ போட்டோவிலேயே பையனைப் பிடித்துவிட்டது. மகள் முகம் வாடினால் கிருஷ்ணப்பனுக்குச் சோறு இறங்காது.

தீபாவளிக்கு மிஞ்சிய சரவெடியைக் கொளுத்திப் போட்டார். பன்றிகள் மிரண்டு ஓடின. தெருவை விட்டு அல்ல, வீட்டுக்குள். பின்கட்டு வழியாக வெளியேறியபோது மதியின் புதுப் பட்டுப்புடவை ஒரு குட்டியின் கழுத்தில் மாலையாகப் போயிற்று.

அடுத்ததாக, கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய குஸ்காவை வாங்கித் தெருக்கோடிக் காலி மனையில் கொட்டினார். பன்றிகள் அங்கேயே தங்கிவிடும் என்பது திட்டம். விடிந்து பார்த்தால், குப்பைமேட்டிலிருந்த பன்றிகளெல்லாம் சொந்தபந்தத்தோடு வந்து இறங்கியிருந்தன.

“இன்னும் ரெண்டு அண்டா ஆர்டர் குடு. வாய்க்கு ருசியா கேக்குதுங்க” என்றாள் ராஜாத்தி.

கடைசியில், மினி லாரியும் இரும்புக் கூண்டும் வைத்துப் பன்றி பிடிக்கும் அப்பாவுவின் காலில் விழாத குறை.

“அவசரப்படாத நைனா. கூண்டைத் தொறந்து போட்டு ரெண்டு நாள் சொம்மா துன்ன வுடு. குடும்பம் ஒட்டுக்கா உள்ள வந்தப்பாலதான் சாத்தணும். ஒண்ணு தப்பிச்சாலும் மத்ததுங்க உஷாராயிடும்.”

“புட்ச்சி கண்காணாத எடத்துல வுட்டுடு. எங்கன்னு எனக்குச் சொல்லாத.”

வெள்ளிக்கிழமை லோடு கிளம்பியது. கிருஷ்ணப்பன் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை வாசலில் மறுபடியும் பன்றிகள். முன்பைவிட அதிகம், முன்பைவிடக் கொழுப்பு.

“திரும்பி வந்துட்ச்சா?” என்று அலறினார்.

“மூஞ்சப் பாரு நைனா, இது வேற பன்னி” என்றான் அப்பாவு. கூண்டைக் கண்டதும் அவை தாமாகவே ஏறி நின்றுகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை தெரு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மாப்பிள்ளை செங்குட்டுவனோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய அவன் அப்பா பீம்ராவ், இடமும் வலமும் உற்றுப் பார்த்தார்.

“தெரு படு சுத்தமா கீதே! இந்தப் பக்கம் பன்னி பேஜாரு எதுனா?”

“பன்னியா? எங்க ஏரியால அது கறுப்பா செவப்பான்னே தெரியாதுங்க. உங்க பக்கம்?”

பீம்ராவ் லேசாக இருமினார். “சேச்சே! எண்ணூர்ல மீனுதான். சாயங்காலம் நீங்களே வந்து வூட்டைப் பாருங்களேன்.”

மதி காபி கொண்டுவந்தாள். செங்குட்டுவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். தட்டு மாற்றியபோது கிருஷ்ணப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் மினி லாரி வந்து நின்றது. பின்னால் உர்ர் உர்ரென்று ஒரே சத்தம். பீம்ராவின் முகம் வெளுத்தது. தலையை உள்ளே நீட்டிய அப்பாவு, தட்டைப் பார்த்தான், இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ரெண்டு நைனாவும் இங்கியேவா கீறீங்க? உன் பன்னிய அவரு தெருவுலயும், அவரு பன்னிய உன் தெருவுலயும் எறக்கிகினு இருந்தேன். இப்ப சம்பந்தி ஆயிட்டீங்களே, இந்த லோடை எந்த வூட்டு சீர்ல சேக்கறது?”