நாலு துறைமுகத்தில் மணியடித்த பெட்டி

என் மகனுக்கு மூன்று நாளாக வயிறு இளகவில்லை என்கிற செய்தி சென்னை, தூத்துக்குடி, கொச்சி, மும்பை ஆகிய நான்கு ஊர்களுக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்ததற்கு நான் ஒருத்திதான் காரணம். வேறு யார் மீதாவது பழியைப் போடலாமா என்று பல வருடம் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, மகனுக்கு ஒன்றே கால். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் ராயபுரத்தில் அவனைப் பக்கத்துப் போர்ஷன் ஜெனி அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறுவேன். காசிமேடு தாண்டுவதற்குள் கேஸை மூடினேனா, பால் பாட்டிலைக் கொதிக்க வைத்தேனா, நல்ல தாய் இப்படி வேலைக்குப் போவாளா என்று வரிசையாகச் சந்தேகம் வந்துவிடும். (முதல் இரண்டுக்கும் பதில் ஆமாம். கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் தெரியாது.)

எங்கள் கம்பெனி நான்கு கிளைகளுக்கும் சேர்த்து, ஊழியர்கள் மட்டும் பார்க்கிற ஒரு வெப்சைட் வைத்திருந்தது. யார் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் அந்தப் பக்கம்தான் வரும். அதில் சுற்றறிக்கை இருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்துக்குள் பொருத்துகிற மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகள் செய்வது என் வேலை. 'வெப் பார்ட்' என்போம். ஒருமுறை செய்துவிட்டால் போதும், எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் மாட்டலாம். அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். என் முதல் பெட்டி, எந்தக் கப்பல் எப்போது வரும் என்று காட்டுகிற பெட்டி, திரையில் வந்து உட்கார்ந்த அன்று நான் எழுந்து நின்று கைதட்டினேன். ஆபீசில் தனியாக.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் கணவரிடம் அன்று சாயங்காலம் முழுக்க அதே பேச்சு.

"இன்னா ஸ்டெல்லா, வந்ததுலேர்ந்து பொட்டி பொட்டின்னுகினு கீறே. அதுக்குள்ள இன்னாதான் கீது?"

"கப்பல் எப்ப வரும்னு காட்டும்."

"அது கிரேன் மேல குந்திகினு கீற எனக்கே தெரியுதே!"

அவருக்கு என்ன தெரியும்? மும்பையிலிருந்து டைரக்டர் அதைப் பார்க்க நேரில் வருகிறார். பிடித்தால் நான்கு ஊருக்கும் அதே பெட்டி, எனக்கு வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மொத்த வேலையும் பெங்களூரு கம்பெனி ஒன்றுக்குப் போகும். என் மூன்று மாதச் சோதனைக் காலம் அத்தோடு முடியும். பிள்ளையை விட்டுவிட்டு வந்ததற்கு அர்த்தம் உண்டா இல்லையா என்பதே அன்று தெரிந்துவிடும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

உற்சாகத்தில் இன்னொரு பெட்டியும் செய்து வைத்திருந்தேன். நேரத்தையும் விஷயத்தையும் தட்டிவிட்டால், அந்த நேரத்துக்கு 'டிங்' என்று மணியடித்துச் சிவப்பில் மின்னும். டைரக்டர் வரும் நாள் காலை பத்தரைக்கு அதை என் கம்ப்யூட்டரில் அந்த முதல் பக்கத்திலேயே மாட்டி, மறக்கக்கூடாதவற்றைத் தட்டினேன். (தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டினேன். அப்போது அப்படித்தான்.)

11.00: கக்கா வந்துச்சா? மூணு நாளாச்சு!

11.10: பயப்படாதே. நீ நல்லாத்தான் பண்றே.

இரண்டாவது எனக்கு நானே எழுதிக்கொண்டது. வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பெட்டியை மாட்டும்போது பக்கத்தின் மேல் ஓரத்தில் இரண்டு வழி இருக்கும்: எனக்கு மட்டும், எல்லோருக்கும். மற்ற ஊழியர்களுக்கு முதல் வழி மட்டும்தான் திறக்கும். பெட்டி செய்கிறவள் என்பதால் எனக்கு இரண்டும் திறக்கும்; சும்மா விட்டால் 'எல்லோருக்கும்' என்றுதான் நிற்கும். கேஸ் அடுப்பை மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற நான், இதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மீட்டிங் அறையில் மும்பை டைரக்டர், என் மேனேஜர் ரவீந்திரன் சார், நான். சுவரில் பெரிதாக எங்கள் பக்கம். கப்பல் பெட்டியைப் பற்றி அருவியாகப் பொழிந்துகொண்டிருந்தேன். டைரக்டர் தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை.

டிங்.

சுவரில் என் பெட்டி சிவப்பாக மின்னியது. கதவுக்கு வெளியே ஹாலில் இருந்த பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றாக டிங் என்றன.

தமிழ் தெரியாத டைரக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "இது எந்தக் கம்பெனியின் கப்பல்?"

ரவீந்திரன் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் உண்மையைச் சொன்னேன்: "சார், அது என் மகன்."

மேஜை மேல் போன் அடித்தது. ரவீந்திரன் சார் பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார். தூத்துக்குடி கிளை.

"ஏம்மா, உலர்ந்த திராட்சைய வெந்நீர்ல ஊறப்போட்டு அந்தத் தண்ணியக் குடுங்க. எம் மவளுக்கு அப்படித்தான் சரியாச்சு, கேட்டியளா?"

வைத்த உடனே கொச்சி. அங்கே பப்பாளி.

நான் பாய்ந்துபோய் மவுஸைப் பிடித்து, பெட்டியை நீக்கச் சொன்னேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று திரை கேட்டது. வாழ்க்கையில் நான் எதிலாவது நிச்சயமாக இருந்திருக்கிறேனா? நீக்கினால் கப்பல் பெட்டியும் சேர்ந்து போய்விடுமோ? முதலில் சேமிக்க வேண்டுமோ? திரையில் அம்பை 'ஆமாம்' பக்கமும் 'இல்லை' பக்கமும் மாற்றி மாற்றி நகர்த்தினேன். மணி பதினொன்று பத்து ஆகிவிட்டது.

டிங். பயப்படாதே. நீ நல்லாத்தான் பண்றே.

நான்கு துறைமுகங்களும் தைரியம் அடைந்தன. நான் மட்டும் அடையவில்லை. "இதற்கு என்ன அர்த்தம்?" என்றார் டைரக்டர். ரவீந்திரன் சார் வாழ்நாளில் முதல்முறையாக மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

அப்போதுதான் யார்டு மைக் கரகரத்தது. லாரி நம்பர் கூப்பிடுகிற மைக். வெளிப் போன்கள் முதலில் கேட்டில் இருக்கும் மாணிக்கம் அண்ணனுக்குத்தான் வரும்; மைக்கும் அவர் கையில்தான் இருக்கும்.

"கம்ப்யூட்டர் மேடம், கம்ப்யூட்டர் மேடம்! வூட்லேர்ந்து ஜெனியம்மா போன் பண்ணாங்கோ. புள்ள போய்ட்டானாம். சோக்கா போய்ட்டானாம்! பேஜார் ஆவாம வேலையப் பாரும்மா!"

யார்டில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஹாலில் யாரோ கைதட்டினார்கள். எனக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் அப்பாடா என்று இருந்தது. வேலை போனாலும் போகட்டும், பிள்ளைக்குச் சரியாகிவிட்டதே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டைரக்டர் சிரித்து முடிக்க நேரமானது. "நான் இரண்டு வருடமாகச் சுற்றறிக்கை போடுகிறேன். ஒருவர்கூடப் படித்துவிட்டுப் போன் செய்ததில்லை," என்றார். "இந்தப் பெட்டியைப் பத்தே நிமிடத்தில் நான்கு ஊரும் படித்துவிட்டது. கப்பல் பெட்டியிலும் இதே மணியை வைத்துவிடுங்கள்."

அன்று மாலை எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, கம்பெனிப் பக்கத்தில் சொந்த விஷயம் போட்டதற்கு மெமோ. இன்னொன்று வேலை நிரந்தரம். இரண்டிலும் ரவீந்திரன் சார் கையெழுத்து. மெமோவில் மட்டும் பேனா அழுந்தியிருந்தது.

இன்றும் நான் யாருக்காவது எதையாவது அனுப்பப் போனைக் கையில் எடுத்தால், என் கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: "இன்னா ஸ்டெல்லா, நமக்கா, ஊருக்கா?" ஜெனி அக்கா வீட்டிலும் இப்போது அதே கேள்விதான் ஓடுகிறது.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். காலேஜில் கடைசி வருடம். முழுவதும் படித்தான். முகம் சிவந்தது. "எம் பேரை மட்டும் எடுத்துடும்மா," என்றான். எடுத்துவிட்டேன்; தேடினாலும் கிடைக்காது. எனக்கு ஒரே பிள்ளை என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.