ஸ்னோ அண்ணை ஓடிய கார்

யாழ்ப்பாணத்தில் ஸ்னோ கொட்டினால் உயிர் தப்பப்போகிற ஒரே மனுசர் நெல்லியடி ஸ்னோ அண்ணைதான். நாங்கள் எல்லாரும் விறைத்துச் சாக, அவர் மட்டும் கார் ஓடிக்கொண்டு போவார். எங்கே போவார் என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த மனுசரைப் பற்றி எனக்கு எதுவும் விளங்கியதில்லை.

கார் திருத்துகிற கராச் வைத்திருக்கிறார். வேலை சுத்தம். கார்த்திகை பிறந்தால் மட்டும் புத்தி மாறிவிடும். ஒருமுறை ஒரு வாத்தியாரின் கார்ச் சில்லுகளுக்கு இரும்புச் சங்கிலி சுற்றிவிட்டார். வாத்தியார் ஊரையே எழுப்பிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்.

போன கார்த்திகையில் நான் பிறேக் திருத்தக் காரை விட்டேன். மனைவிக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கண் ஒப்பிரேசன். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த திகதி. ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அன்று காலை ஏழு மணிக்குக் காரை எடுக்க அவளோடு கராச்சுக்குப் போனேன். பையை வைக்க டிக்கியைத் திறந்தால் இடமில்லை. மணல் மூட்டை, மண் அள்ளுகிற சவள், கம்பளிப் போர்வை, மெழுகுதிரி.

"என்னண்ணை உது? ஆரையும் புதைக்கப் போறியளோ?"

"நவம்பர் எல்லே தம்பி. சில்லு வழுக்கினால் மணலைப் போடலாம்."

"இஞ்சை வழுக்க என்ன கிடக்கு? எனக்கு வேர்த்து ஒழுகுது!"

"தொடக்கத்திலை அப்பிடித்தான் இருக்கும்."

எனக்கு விசர் வந்தது. கார்த் திறப்பைக் கேட்டேன், தரவில்லை. பிறேக் புதிதாம், தான் ஓடிப் பார்த்துத்தான் கையில் தருவாராம். ஏறினோம். பத்து நிமிசம் கார் நகரவில்லை. எஞ்சின் சூடாக வேண்டுமாம்.

வல்லை வெளியில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்தினார். முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

முன்னால் போகும் வாகனத்துக்குப் பத்துக் கார் நீளம் இடைவெளி விடவேண்டும் என்பது அண்ணையின் சட்டம். அந்த இடைவெளிக்குள் ஒரு ஓட்டோ புகுந்தது. அவர் பின்வாங்கி ஓட்டோவுக்குப் பத்துக் கார் இடைவெளி விட்டார். அதற்குள் ஒரு மினிபஸ் புகுந்தது. பிறகு ஒரு லொறி. யாழ்ப்பாணத்துக்குப் போகிறோமா, பின்பக்கமாக நெல்லியடிக்கே போகிறோமா என்று எனக்குக் குழம்பிவிட்டது.

"மிதியுங்கோ அண்ணை! அவளின்ரை கண் போகப்போகுது!"

"மிதிக்கக் கூடாது தம்பி. பிறேக்கையும் மிதிக்கக் கூடாது. மெல்லத் தடவோணும்."

"நீங்கள் ஸ்னோவைக் கண்ணாலை கண்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகேன் எங்கடை சீவனை வாங்கிறியள்?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "என்ரை மகன் மூண்டு வருசத்துக்கு முன்னம் கனடாவிலை காரோடை வழுக்கி மதிலிலை அடிச்சவன். இப்ப என்னென்ன செய்யோணுமெண்டு நாள்தோறும் போனிலை சொல்லுறன். நான் செய்து பாக்காத வேலையை ஆருக்கும் சொல்லிக் குடுக்கிறதில்லை."

 பின்சீட்டிலிருந்த மனைவி, "நீங்கள் கொஞ்சம் வாயை மூடுங்கோ" என்றாள். மூடினேன்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிசம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். ஒப்பிரேசன் நடந்தது. பின்னேரம் கட்டுப் போட்ட கண்ணோடு அவளை வெளியே கூட்டிவந்தேன். தலை குலுங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வெளியே மழை. ரோட்டுக் குழியெல்லாம் வெள்ளத்துக்குள் மறைந்து கிடந்தது.

ஸ்னோ அண்ணை வாசலில் நின்றார். பஸ்ஸில் போயிருக்கலாம், போகவில்லை.

"பிறேக் சரி தம்பி. இனி நீங்கள் ஓடலாம்" என்று திறப்பை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. பின்சீட்டில் ஏறி மனைவியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"மெல்லப் போங்கோ அண்ணை" என்றேன்.